சிலபஸில் இல்லாத மேட்ச்

ஹால் டிக்கெட் இல்லாத ஒரு பரீட்சை எங்கள் ஊரில் தினமும் நடக்கிறது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கிற டீக்கடைகளில் ஏதாவது ஒன்றில் சாயங்காலம் ஆறரைக்கு மேல் போய் நின்றால் நீங்களே பார்க்கலாம். நாலு பேர் நிற்பார்கள். வெங்காய விலை, சிறுமலையில் மழையா இல்லையா, எவன் கல்யாணத்துக்கு எவன் வரலை என்று பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் கிரிக்கெட்டில் வந்து நிற்கும். அடுத்த நிமிஷம் ஒருத்தன் ஆரம்பிப்பான். "மாப்ள, அதை விடு. 99 சேப்பாக்கம் டெஸ்ட்ல சச்சின் அவுட்டானப்ப அங்கிட்டு எண்டுல நின்னது யாரு?"

அவ்வளவுதான், டீ ஆறிவிடும்.

இந்தப் பரீட்சை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதலிலேயே சொல்லி விடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ இதையெல்லாம் வெட்டிப் பேச்சு என்று சொல்ல வந்ததாக நினைத்துவிடுவீர்கள். என் சண்டை பரீட்சையோடு இல்லை, அதன் சிலபஸோடு.

(மேலே கேட்ட கேள்விக்கு விடை சுனில் ஜோஷி. தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம், பாதிப் பேர் மோங்கியா என்றுதான் சொல்வார்கள்.)

அந்த 1999 டெஸ்டைப் பற்றிக் கொஞ்சம் பேசாமல் மேலே போக முடியாது. தமிழ்நாட்டில் பரீட்சை வைக்கிற எவனும் முதல் கேள்வியை அங்கிருந்துதான் எடுப்பான். 271 அடித்தால் ஜெயிக்கலாம். 82க்கு 5 விக்கெட் போயாச்சு. சச்சினும் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் சேர்க்கிறார்கள். சச்சின் தனியாக அடித்ததும் அதே 136. இந்த ரெண்டு 136-ஐக் குழப்பி விடுவது பழைய தந்திரம். முதுகு வலியோடு நின்று அடித்த மனுஷன் 254-ல் அவுட். இன்னும் 17 ரன் வேண்டும், கையில் 3 விக்கெட். அந்த மூணு விக்கெட்டும் சேர்ந்து எடுத்தது 4 ரன். 258-க்கு ஆல் அவுட், 12 ரன்னில் தோல்வி. பாகிஸ்தான்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தபோது சேப்பாக்கம் எழுந்து நின்று கை தட்டியது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இதில் பொறி வைக்கிற கேள்வி எது தெரியுமா? "அந்த மேட்ச் எத்தனாவது நாள்ல முடிஞ்சது?" சட்டென்று அஞ்சாவது நாள் என்று வந்துவிடும் வாயில். ஜனவரி 28-ல் ஆரம்பித்து 31-ல் முடிந்தது. நாலே நாள். கடைசி நாள், கடைசி மணி நேரம் என்று கதையில் சொல்லிச் சொல்லி நாமே ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டோம். ஞாபகம் என்கிறது அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு கதைக்கு எவ்வளவு நாள் தேவையோ அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்லணும். அப்போது எனக்கு ஒண்ணரை வயது. கேள்வி கேட்கிறவனுக்கும் அவ்வளவுதான் இருக்கும். அவன் பல் முளைத்த கதையை அவன் அம்மா சொன்னால்தான் தெரியும், ஆனால் சக்லைன் முஷ்டாக் ரெண்டு இன்னிங்சிலும் அஞ்சஞ்சு விக்கெட் எடுத்தது தலைகீழாகத் தெரியும். நாங்கள் யாரும் பார்க்காத மேட்ச் அது. எங்களுக்குக் கிடைத்த மேட்ச். அப்பாவோ மாமாவோ சொல்லி, அப்புறம் யூடியூபில் பத்து நிமிஷம் பார்த்து, அப்புறம் டீக்கடையில் நூறு தடவை கேட்டு, அது எங்களுடையது ஆகிவிட்டது. இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நேரில் பார்த்தவன்தான் பேசணும் என்றால் ராமாயணத்தை எவன் சொல்வது?

சரி, எது நல்ல கேள்வி என்று வருகிறேன். ஸ்கோர் கார்டில் இருப்பதைக் கேட்பது நல்ல கேள்வி இல்லை. போன் வந்த பிறகு அதற்கு மதிப்பே போச்சு. எங்கள் செட்டில் ஒரு விதி உண்டு, கேள்வி ஆரம்பித்தால் எல்லா போனும் பாக்கெட்டுக்குள் போய்விடணும். அப்படியும் ஒருத்தன் "ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன்" என்று போய்ப் பார்த்துவிட்டு வருவான். திரும்பி வரும்போது நடையிலேயே தெரிந்துவிடும் :)

நல்ல கேள்வி என்றால் ரெண்டு மேட்சை ஒரு நூலில் கோர்க்கணும். எனக்குப் பிடித்த கேள்வி இது: சேப்பாக்கத்தில் பதிமூணு மாச இடைவெளியில் ரெண்டு மேட்ச். ரெண்டிலும் இந்தியா கடைசியாக ஆடியது. ரெண்டிலும் கடைசி ஓவரின் அஞ்சாவது பந்தில் ஆல் அவுட். ரெண்டிலும் ஆஸ்திரேலியா. ரெண்டிலும் கடைசியாக அவுட்டானது ஒரே ஆள். யார் அந்தப் பாவப்பட்ட ஜென்மம்?

மணிந்தர் சிங்.

முதல் மேட்ச் 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை நடந்த டை டெஸ்ட். 1960-ல் பிரிஸ்பேனில் நடந்ததற்கு அப்புறம் டெஸ்ட் சரித்திரத்தில் ரெண்டாவது டை. டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தார். கபில் 119. கடைசி நாள் 348 அடிக்கணும், கவாஸ்கர் 90. கிரெக் மேத்யூஸ் மெட்ராஸ் செப்டம்பர் வெயிலில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பந்து போட்டார் (இதையும் கேள்வியாகக் கேட்பார்கள், ஏன் போட்டார் என்று மட்டும் கேட்காதீர்கள்). கடைசி ஓவரில் 4 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். ஸ்ட்ரைக்கில் ரவி சாஸ்திரி. முதல் பந்தில் ரன் இல்லை. ரெண்டாவது பந்தில் 2. மூணாவது பந்தில் ஒரு சிங்கிள். ஸ்கோர் சமம். இப்போது மணிந்தர். நாலாவது பந்தைத் தடுத்தார். அஞ்சாவது பந்து, எல்.பி.டபிள்யூ. விக்ரம்ராஜு விரலைத் தூக்கிவிட்டார்.

ரெண்டாவது மேட்ச் 1987 அக்டோபர் 9, உலகக் கோப்பை. ஆஸ்திரேலியா 270, இந்தியா 269. ஸ்டீவ் வா பந்தில் மணிந்தர் போல்டு. இந்த மேட்சில்தான் அந்த அருமையான விஷயம் இருக்கிறது. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்துக்கு நடுவர் நாலு கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் இன்னிங்ஸ் முடிந்து இடைவேளையில் அது சிக்ஸ் என்று பேசி, கபில்தேவும் சரி என்று சொல்லிவிட்டார். 268 என்று முடிந்த ஸ்கோர் 270 ஆனது. நாம் தோற்றது 1 ரன்னில்.

ஸ்கோர் கார்டில் போய்ப் பாருங்கள், 270 என்றுதான் இருக்கும். அந்த ரெண்டு ரன் எப்படி வந்தது என்பது அதில் இல்லை. "கபில் ஒத்துக்காம இருந்திருந்தா?" என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும், அதுதான் கேள்வி. என்னைக் கேட்டால் கபில் செய்தது சரி. சிக்ஸ் என்றால் சிக்ஸ்தான். ஆனால் இதை எங்கள் மாமாவிடம் சொல்லிப் பாருங்கள்.

மாமாவைப் பற்றிச் சொல்லணும். 86 மேட்ச் நடந்தபோது அவருக்கு இருபது வயசு இருக்கும். ரேடியோவில் கேட்டவர். பேகம்பூர் பக்கம் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைக்கு வந்தவர்களெல்லாம் சாமானை வாங்கிக்கொண்டு போகாமல் அப்படியே நின்றுவிட்டார்களாம். என் சிநேகிதர்கள் ஒரு நாள் அவரை உட்கார வைத்துப் பரீட்சை நடத்தினார்கள். ஜோன்ஸ் எவ்வளவு அடித்தார்? "இருநூறுக்கு மேல." சரியாக எவ்வளவு? தெரியவில்லை. ஆட்ட நாயகன் யார்? கபில் என்றார் (கபில், ஜோன்ஸ் ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்). மேத்யூஸ் மொத்தம் எத்தனை விக்கெட்? ஏழா, எட்டா என்றார், பத்து. பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துச் சிரித்தார்கள். மாமா ஃபெயில்.

அப்புறம் அவர் சொன்னார்: "சாஸ்திரி அந்த ஒத்த ரன்னு எடுத்தப்ப கடைக்குள்ள ஒரு சண்டை வந்துச்சு பாரு. பாதிப் பேரு அவன் தப்பிச்சுக்கிட்டான்னு திட்டுறான். பாதிப் பேரு, கிறுக்கா, இனிமே தோக்க முடியாதுல்லன்னு கத்துறான். அதுக்குள்ள அவுட்டு. யாருக்கும் ஜெயிச்சமா தோத்தமான்னு தெரியல. ஒருத்தரு அஞ்சு நிமிஷம் கழிச்சு, அப்ப என்னதாங்க ஆச்சுன்னு கேட்டாரு."

ரேடியோவில் கேட்டவனுக்கு டை என்றால் என்னவென்று தெரியாத அந்த அஞ்சு நிமிஷத்தை எந்தக் கேள்வித் தாளில் வைப்பீர்கள்? மார்க் போட்டால் மாமாவுக்குத்தான் முழு மார்க். (சாஸ்திரி எடுத்த சிங்கிள் சரிதான் என்பது என் கட்சி. ஸ்கோர் சமமான பிறகு தோல்வி என்பதே கிடையாது, மூணு பந்து மிச்சம். மணிந்தருக்கு ஒரு ரன் எடுக்கத் தெரியாது என்று சாஸ்திரி எப்படி முடிவு பண்ண முடியும்? மாமா இதை ஒத்துக்கொள்வதில்லை. மாமா கட்சியில் சாஸ்திரி இன்றைக்கும் குற்றவாளி.)

இந்தப் பைத்தியம் கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் ஸ்னூக்கர் ரசிகர்கள் இதே பரீட்சையை இன்னும் கொடூரமாக நடத்துவார்கள். அவர்களுடைய 99 சேப்பாக்கம் என்பது 1985 உலக சாம்பியன்ஷிப் ஃபைனல். ஸ்டீவ் டேவிஸ் சாம்பியன், எதிரே டென்னிஸ் டெய்லர். டேவிஸ் 8-0 என்று முன்னால் போய்விட்டார். டெய்லர் துரத்தித் துரத்தி 17-17-க்குக் கொண்டுவந்தார். கடைசி ஃப்ரேமில் மேஜையில் கடைசியாக மிஞ்சியது கறுப்புப் பந்து ஒன்றே ஒன்று. அதை யார் போடுகிறாரோ அவர் சாம்பியன். நள்ளிரவு தாண்டிவிட்டது, பிரிட்டனில் 1 கோடியே 85 லட்சம் பேர் டிவி முன்னால். ரெண்டு பேரும் மாற்றி மாற்றி விட்டார்கள். டேவிசுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது, தவறவிட்டார். டெய்லர் போட்டார். மொத்த மேட்சிலும் டெய்லர் முன்னிலையில் இருந்தது அந்த ஒரே தடவைதான், மேட்ச் முடிந்த அந்த நொடியில். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், டெய்லர் போட்ட பந்தைவிட டேவிஸ் விட்ட பந்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். நமக்கு 99-ல் சச்சின் அடித்த 136-ஐவிட அந்த அவுட்டான ஷாட் ஞாபகம் இருக்கிற மாதிரி.

ஸ்னூக்கருக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்தால் அதுவும் தப்பு. 1875-ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் பிறந்த ஆட்டம். அதற்கு விதிகளை எழுதிச் சுவரில் மாட்டியது நம்ம ஊட்டி கிளப்பில், 1882-ல். செய்தவர் பெயர் நெவில் சேம்பர்லின். பின்னாளில் பிரிட்டன் பிரதமரானவர் வேறு சேம்பர்லின். நல்ல பொறிக் கேள்வி, இனாமாகத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாருங்கள், ஊட்டியில் விதி எழுதிய ஆட்டத்தின் கேள்வியெல்லாம் ஷெஃபீல்டில் கேட்கப்படுகிறது. ஊட்டிக்காரனை எழுப்பிக் கேட்டால் தெரியாது. நம் ஊரில் நடந்தது நம் சிலபஸில் இருப்பதில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது.

போன வருஷம் நடந்த ஒரு சம்பவம். ஆபீஸ் சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டுக்கல் வந்திருந்தோம். பிரியாணி முடிந்து வெளியே நிற்கும்போது வழக்கம்போலப் பரீட்சை ஆரம்பித்தது. கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, சொந்த ஊர் நத்தம் பக்கம், தானாக வந்து பேச்சில் சேர்ந்துகொண்டாள். உடனே நம்மாள் ஒருத்தன் அவளுக்குத் தனிப் பரீட்சை வைத்தான். கவனித்திருக்கிறீர்களா, ஆம்பளை ஒருத்தன் கூட்டத்தில் வந்து நின்றால் அவனுக்குக் கேள்வி விளையாட்டு. பொம்பளை வந்து நின்றால் அது நுழைவுத் தேர்வு. "2001 சென்னை டெஸ்ட்ல ஹர்பஜனோட நின்னு ஜெயிச்ச கீப்பர் பேரு சொல்லு பாப்போம்." அந்தக் கேள்வியை அவன் என்னிடமோ இன்னொருத்தனிடமோ அந்தத் தொனியில் கேட்கமாட்டான்.

அவள் சமீர் திகே என்றாள். அது அவருக்கு முதல் டெஸ்ட் என்றும் சொன்னாள். அடுத்த கேள்வி வருவதற்குள், "இப்ப நான் ஒண்ணு கேக்கட்டா? கிருஷ்ணப்பா கௌதம் ஒரு மேட்ச்ல 14 விக்கெட் எடுத்தாரு. எங்க?"

பெங்களூர் என்றான் ஒருத்தன். மைசூர். ஹூப்ளி. இன்னொருத்தன் சூரத் என்று ஏதோ அரைகுறையாக ஞாபகம் வந்து சொன்னான்.

"இங்கதாண்டா," என்றாள். "திண்டுக்கல்ல."

2019 டிசம்பர் 9 முதல் 12 வரை, ரஞ்சிக் கோப்பை, தமிழ்நாடு கர்நாடகா. ஸ்கோர் கார்டில் திண்டுக்கல் என்று இருக்கும், மைதானம் இருப்பது நத்தம் என்.பி.ஆர். கல்லூரியில். முதல் இன்னிங்சில் தினேஷ் கார்த்திக் செஞ்சுரி. கடைசி நாள் தமிழ்நாடு ஜெயிக்க வேண்டியது 181. அஸ்வின் டீமில் இருக்கிறார். நம் மண், நம் பிட்ச். 154-க்கு ஆல் அவுட், 26 ரன்னில் தோல்வி. கௌதம் அந்த இன்னிங்சில் 60 ரன் கொடுத்து 8 விக்கெட், முதல் இன்னிங்சில் 6, ஆக 14. பேட்டிங்கிலும் ஒரு ஃபிஃப்டி. அவள் அன்றைக்குக் கல்லூரி மாணவி, அப்பாவோடு போய்ப் பார்த்தாளாம். கடைசி விக்கெட் விழுந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயசானவர் ஒருத்தர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாராம். அதை நடித்தே காட்டினாள்.

இப்போது இந்த மேட்சின் ஜாதகத்தைப் பாருங்கள். அந்த வருஷம் அக்டோபர் 25, விஜய் ஹசாரே ஃபைனல், பெங்களூர். கர்நாடகாவிடம் தோல்வி, அபிமன்யு மிதுன் தன் பிறந்த நாளில் ஹாட்ரிக் எடுத்தார். டிசம்பர் 1, சையது முஷ்டாக் அலி ஃபைனல், சூரத். கடைசி ஓவரில் 13 வேண்டும், முதல் ரெண்டு பந்தையும் அஸ்வின் பவுண்டரிக்கு அனுப்பிவிட்டார். 4 பந்தில் 5 ரன். அங்கிருந்து ஒரு ரன்னில் தோற்றோம். அந்தக் கடைசி ஓவரைப் போட்டது யார்? அதே கௌதம். எட்டே நாள் கழித்து அந்த ஆள் திண்டுக்கல் வந்து இறங்கி 14 விக்கெட் எடுத்துவிட்டுப் போகிறார். ஏழு வாரத்தில் மூணு அடி, மூணும் கர்நாடகாவிடம். இதற்கெல்லாம் வட்டி போட்டுத் திருப்பிக் கொடுத்தது 2021 நவம்பரில், டெல்லியில், அதே முஷ்டாக் அலி ஃபைனலில், அதே கர்நாடகாவுக்கு எதிராக. கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும், ஷாருக்கான் சிக்ஸ். சூரத்துக்கும் டெல்லிக்கும் நடுவில் நத்தம் இருக்கிறது. கதை என்று பார்த்தால் 99 டெஸ்டுக்கு எந்த விதத்தில் குறைச்சல், சொல்லுங்கள்?

குறைச்சல் ஒன்று உண்டுதான். டிவி. இந்தியா முழுக்கப் பார்த்த மேட்ச் சிலபஸில் சேரும், ரஞ்சி சேராது. "அதை எவன் பாத்தான்?" என்பதுதான் அன்றைக்கும் வந்த பதில். இந்த வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ரெண்டு பேருக்கும் தெரிந்த மேட்சில் இருந்துதான் கேள்வி கேட்க முடியும், ஒருத்தன் மட்டும் பார்த்ததைக் கேட்டால் அது பரீட்சை இல்லை, பீற்றல். ஆனால் நாங்கள் 99 மேட்சையே பார்க்கவில்லையே! யாரோ எங்களைக் கேட்டார்கள், தெரியாமல் முழித்தோம், அதற்காகத் தெரிந்துகொண்டோம். கேட்கக் கேட்கத்தான் மேட்ச் சிலபஸில் ஏறுகிறது. யாரும் கேட்காததால் நத்தம் மேட்ச் ஏறவில்லை.

சோதித்துப் பார்க்க வேண்டுமா? உங்கள் செட்டில் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாடு கடைசியாக ரஞ்சி ஜெயித்தது எப்போது, கேப்டன் யார்? ஸ்ரீகாந்த் என்பான் ஒருத்தன். வெங்கட்ராகவன் என்பான் இன்னொருத்தன். 1987-88 சீசன், சேப்பாக்கத்தில் ரயில்வேஸ் அணியைத் தோற்கடித்தது. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை 1954-55. கேப்டன் பெயரைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரைக்கும் போனை எடுக்காதீர்கள். வேடிக்கை என்னவென்றால் அதே சீசனில், 1988 ஜனவரியில், அதே மைதானத்தில் ஹிர்வானி முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தது எல்லோருக்கும் தெரியும். 136 ரன் கொடுத்து 16 என்பது வரைக்கும் சொல்வார்கள். சாஸ்திரி கேப்டனாக இருந்த ஒரே டெஸ்ட் அது என்பதும் தெரியும். டபிள்யூ.வி. ராமனுக்கும் அதுதான் முதல் டெஸ்ட், ரெண்டாவது இன்னிங்சில் 83 அடித்தார் என்று கேட்டால் பாதிப் பேர் காலி. ரஞ்சிக் கோப்பை என்றால் மீதிப் பேரும் காலி.

டி.என்.பி.எல். வந்த பிறகு நிலைமை கொஞ்சம் தேவலை. 2016-ல் இருந்து திண்டுக்கல் பெயரில் ஒரு டீம் இருக்கிறது. 2024-ல் அஸ்வின் தலைமையில் டிராகன்ஸ் சேப்பாக்கத்தில் கோவையைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. ஃபைனலில் அஸ்வின் 52. அடுத்த வருஷம் ஃபைனல் நத்தத்திலேயே நடந்தது, திருப்பூர்க்காரர்கள் வந்து வெளுத்துவிட்டுப் போனார்கள். இதெல்லாம் டிவியில் வந்ததால் பள்ளிக்கூடப் பையன்கள்கூடச் சொல்கிறார்கள். 2023-ல் சேலம் கேப்டன் அபிஷேக் தன்வர் கடைசி ஒரே பந்துக்கு 18 ரன் கொடுத்தது எல்லோருக்கும் மனப்பாடம். அதைப் போட்ட மனுஷன் எங்கே போனாலும் அந்தக் கேள்வியும் கூடவே போகும், பாவம். ஒருத்தன் ஆயிரம் பந்து ஒழுங்காகப் போட்டிருப்பான், பரீட்சையில் வருவது அந்த ஒரு பந்து.

மணிந்தரும் அப்படித்தான். 35 டெஸ்ட் ஆடிய ஸ்பின்னர். நானே மேலே அவரை ரெண்டு அவுட்டாகத்தான் அறிமுகப்படுத்தினேன். வேறு வழி? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

டிவியாவது பரவாயில்லை. ரஞ்சிக்காவது ஸ்கோர் கார்டு எங்கோ பத்திரமாக இருக்கிறது, தேடினால் கிடைக்கும். எங்கள் பக்கம் மழை இல்லாத வருஷம் குளம் வற்றினால் அதுதான் ஸ்டேடியம். பொங்கலுக்கு டென்னிஸ் பால் டோர்னமென்ட், ஃபிளக்ஸ் போர்டு, ஸ்பீக்கரில் கமென்ட்ரி, முதல் பரிசு ரொக்கமும் சுழற்கோப்பையும். வேடசந்தூர்ப் பக்கத்தில் இருந்தும் ஒட்டன்சத்திரத்தில் இருந்தும் டெம்போ வைத்துக்கொண்டு டீம் வரும். ஸ்கோர் எழுதுவது நாப்பது பக்க நோட்டில். அந்த நோட்டு அடுத்த வருஷம் இருக்காது. பின் பக்கத்தில் யாராவது மொய்க் கணக்கு எழுதியிருப்பார்கள். ஆக அந்த மேட்ச் நடந்ததற்கு ஒரே அத்தாட்சி டீக்கடையில் நிற்கிற நாலு பேர் ஒருத்தனை ஒருத்தன் கேட்டுக்கொள்கிற கேள்விதான். கேட்பதை நிறுத்தினால் மேட்ச் இல்லை.

அந்த நாலு பேரும் இப்போது ஒரே ஊரில் இல்லை. ஒருத்தன் திருப்பூர் பனியன் கம்பெனி, ஒருத்தன் துபாய், நான் பெங்களூர் (ஆமாம், கர்நாடகாக்காரன் கூடத்தான் தினமும் லஞ்ச், என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்). தீபாவளி, பொங்கலுக்குக் கூடினால்தான் பரீட்சை. அதிலும் பாதி நேரம் சச்சினுக்கே போய்விடுகிறது. அதனால் இந்தப் பொங்கலில் இருந்து எங்கள் செட்டில் ஒரு புது விதி கொண்டுவந்திருக்கிறேன். மூணு கேள்வி சேப்பாக்கம், லார்ட்ஸ் என்று எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். நாலாவது கேள்வி கட்டாயமாக நம் மாவட்டத்துக்குள் நடந்த மேட்சில் இருந்து. நத்தமாக இருந்தாலும் சரி, குளத்துக்குள்ளாக இருந்தாலும் சரி. அந்த நத்தம் பெண்ணையும் கேள்வித் தாள் கமிட்டியில் போட்டாச்சு. முதல் கேள்வியிலேயே ரெண்டு பேர் அவுட்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு நாலாவது கேள்வி இருந்தால் சொல்லுங்கள், கேட்டுவைத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தின் முதல் கேள்வி இதுதான், இன்னும் விடை முடிவாகவில்லை: குளத்து மேட்ச், செமி ஃபைனல், கடைசிப் பந்தில் 2 ரன் வேண்டும், பந்து இடுப்புக்கு மேலே வந்ததா இல்லையா? லெக் அம்பயராக நின்றவர் இப்போது பழனி ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறார். அவரைக் கேட்டால், "தம்பி, அன்னைக்கு எனக்குக் கண்ணுல தூசி" என்கிறார்.

டிஸ்கி: ரஞ்சிக் கேப்டன் பெயர் எஸ். வாசுதேவன். இடது கை ஸ்பின்னர். போனைப் பார்த்தவர்கள் கையைத் தூக்கவும் :)